புளி கோப்பையில் இருக்கிறது: போர்த்துகல்லில் ஒன்பது நாள்

முதல் நாள், வியாழன். லிஸ்பன்

அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு நானும் அண்ணனும் நேராக அல்ஃபாமா என்ற பழைய பேட்டைக்கு இறங்கிவிட்டோம். மேடும் பள்ளமுமாகக் கல் பாவிய சந்துகள். மாடிக்கு மாடி கொடி கட்டித் துணி காய்கிறது. மணி நான்கு, நல்ல பசி. இந்த ஊரில் மதியச் சாப்பாடு மூன்று மணியோடு சரி. அடுத்து அடுப்பு பற்றவைக்க ஏழு, ஏழரை ஆகும். நடுவில் காப்பியும், முட்டைப் பாலேடு வைத்துச் சுட்ட பேஸ்ட்ரியும்தான். அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் மீனுக்குப் போகிறேன்.

அண்ணன் இருபத்தெட்டு வருடம் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். லிஸ்பன் துறைமுகத்துக்கு நாலைந்து முறை வந்திருக்கிறார், ஒரு தடவைகூட ஊருக்குள் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டதில்லை. "ரிட்டயர் ஆனதும் திங்கறதுக்குன்னே ஒரு தடவை போவணும்லே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இந்தப் பயணம் அதற்காகத்தான். நாங்கள் தூத்துக்குடி. மீன் தின்று வளர்ந்தவர்கள், ஒயின் அதிகம் அறியாதவர்கள்.

ஏழரைக்கு எட்டு மேசை போட்ட ஒரு சின்னக் கடை. உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், ஒரு வில்லை சீஸ் வந்துவிட்டது. இதற்குக் கூவேர் என்று பெயர். தொட்டால் பில்லில் ஏறும். கேட்காமல், தொடாமல் இருந்தால் காசு வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, மெனு அட்டையின் அடியில் அதை அச்சிட்டும் வைத்திருக்கிறார்கள். வேண்டாமென்று திருப்பி அனுப்பினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் மத்தி கேட்டிருந்தால் ரொட்டியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

மத்தியை நாங்கள் சாளை என்போம். ஒரு தட்டுக்கு ஆறு வந்தது. கூடவே தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, சுட்டு உரித்த குடைமிளகாய். மீனுக்குக் குடல்கூட எடுப்பதில்லை. கல் உப்பை அள்ளித் தூவி, கரி நெருப்பில் இரண்டு பக்கமும் வாட்டுகிறார்கள், அவ்வளவுதான் சமையல். தோல் கொப்புளித்துக் கருகியிருந்தது. தலைக்குக் கீழே விரலை வைத்துத் தள்ளினால் தோல் ஒரே உரியாக வருகிறது. முதுகிலிருந்து வாலுக்கு வழித்தால் சதை நடுமுள்ளை விட்டு முழுசாக விலகுகிறது. உள்ளே வெள்ளையும் சாம்பலுமாகச் சதை, விரலெல்லாம் கொழுப்பு. பக்கத்து மேசைக்காரர் மீனைத் தட்டில் வைக்காமல் ரொட்டித் துண்டின் மேல் வைத்துத் தின்றார். ஒவ்வொரு மீனாக அதே ரொட்டி மேல். கடைசியில் கொழுப்பில் ஊறிக் கனத்திருந்த அந்த ரொட்டியை இரண்டாய் மடித்து வாயில் போட்டுக்கொண்டார். 'ஜூன் மாதப் புனித யோவான் திருநாளுக்கு மத்தி ரொட்டியில் சொட்டும்' என்று இங்கே ஒரு பழமொழி. இது செப்டம்பர் கடைசி, இன்னும் சொட்டத்தான் செய்கிறது. குளிர்காலத்தில் சில மாதம் மத்தி பிடிக்கத் தடை போட்டுவிடுகிறார்கள், நம்மூரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடப்பதுபோல. அந்தக் காலத்தில் வந்தால் தட்டுக்கு வருவது உறையவைத்த மீன்.

மூன்று மீன் தின்றபிறகு அண்ணன் நிமிர்ந்தார். "ஏலே, ருசிதான். ஆனா புளி இல்லையே."

எனக்கும் அதேதான் தோன்றியது. சாளை என்றால் எங்கள் வீட்டில் புளிக்குழம்பு. இத்தனை கொழுப்பை அறுக்க நாக்குக்கு ஒரு புளிப்பு வேண்டும். எலுமிச்சை கேட்கலாமா என்று நினைக்கும்போது கடைக்காரப் பெரியவர் மண் கூஜாவில் வெள்ளை ஒயின் கொண்டுவந்து வைத்தார். புசேலஸ் என்று லிஸ்பனுக்கு வடக்கே ஓர் ஊர், அங்கே விளையும் அரிந்தோ என்ற திராட்சை. எவ்வளவு வெயிலிலும் புளிப்பு குறையாத வகை என்று அதற்குப் பெயர். ஒரு வாய் குடித்ததும் பல் கூசியது. மறுபடி மீன், மறுபடி ஒயின். நாக்கில் படிந்திருந்த கொழுப்பைத் துடைத்தெடுத்துவிட்டு அடுத்த மீனுக்கு இடம் விட்டது.

"புளி இங்க இருக்குல்லா" என்று அண்ணன் கோப்பையைத் தட்டிக் காட்டினார். இந்த ஊர்ச் சாப்பாடு எனக்குப் பிடிபட்டது அப்போதுதான். நாம் புளியைச் சட்டியில் கரைக்கிறோம், இவர்கள் கோப்பையில் ஊற்றி வைக்கிறார்கள்.

இரண்டாம் நாள், வெள்ளி. லிஸ்பன்

காலையில் ருவா டோ அர்செனால் தெரு. திருப்பத்திலேயே மூக்கு சொல்லிவிட்டது. கருவாட்டுக் கடை! கதவுக்குள்ளே ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் பட்டம்போல விரித்துக் காயவைத்த உப்பு மீன், பலகைபோல் விறைப்பாக, வெள்ளை பூத்து. இதுதான் பக்கல்யாவ், காட் மீன் கருவாடு. வெட்டித் தரச் சொன்னால் கத்தியால் முடியாது, இயந்திர ரம்பத்தில் வைத்து அறுக்கிறார்கள்.

அதிசயம் என்னவென்றால் இந்த மீன் போர்த்துகல் கடலிலேயே கிடையாது. குளிர்ந்த வடகடல் மீன் அது. இன்று நார்வேயிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் வருகிறது. முன்பு இவர்களே கப்பல் கட்டிக்கொண்டு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வரை போவார்கள். தாய்க்கப்பலிலிருந்து ஆளுக்கு ஒரு சின்னத் தோணியை இறக்கி, ஒற்றை ஆளாகப் பனிமூட்டத்துக்குள் தூண்டில் போட்டிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் பாதிக்குப் பிறகும் அது நடந்திருக்கிறது. அண்ணன் இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வட அட்லாண்டிக் பனிமூட்டம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சமைக்குமுன் ஒரு நாளோ இரண்டு நாளோ தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நாங்கள் மதியம் சாப்பிட்டது பக்கல்யாவ் ஆ பிராஸ். மீனை நார் நாராகக் கிழித்து, வெங்காயம் வதக்கி, தீக்குச்சி கனத்தில் பொரித்த உருளைக்கிழங்கைச் சேர்த்து, முட்டை ஊற்றிக் கிளறி, முட்டை முழுக்க இறுகுமுன் இறக்குகிறார்கள். உப்பின் காரம் அடங்கி, மீனின் பழைய வாசனை மட்டும் மிச்சம். கருவாடு தின்னாதவர்களுக்கும் இது பிடிக்கும்.

இரவு ஒரு தவறு நடந்தது, சொல்லிவிடுகிறேன், அடுத்து வருபவர்களுக்கு உதவும். ஆற்றங்கரை ஓரம் ஓர் உணவகம். பெயர் வேண்டாம். பனிக்கட்டி மேல் மீன்களை அடுக்கிக் காட்டினார்கள். கை காட்டிய மீனைச் சுட்டுத் தந்தார்கள், நன்றாகவே இருந்தது. பில்லைப் பார்த்தால் மீனுக்கு மட்டும் 74 யூரோ. கிலோ கணக்கு அது. எடை எவ்வளவு, கிலோ என்ன விலை என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் கிலோ என்று போட்டிருந்தால், தராசில் வைத்துக் காட்டச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டபிறகே தலையாட்டுங்கள். நல்ல கடைகளில் அவர்களே காட்டிவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள், சனி. செத்தூபல்

லிஸ்பனிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணி நேரம். தேஜோ ஆற்றை ஏப்ரல் 25 பாலத்தில் கடக்கிறோம். மேலே கார், கீழே ரயில். 1966இல் சர்வாதிகாரி சலசாரின் பெயரில் திறந்த பாலம் இது. 1974இல் ராணுவத்தினர் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூச் செருகிப் புரட்சி செய்தபிறகு அந்தத் தேதியையே பெயராக வைத்துவிட்டார்கள்.

செத்தூபலில் லிவ்ரமெந்தோ சந்தை. உள்சுவர் முழுக்க நீல ஓடுகளில் மீனவர், உழவர் வாழ்க்கை. கீழே ஈரத் தரை, பளிங்குத் திட்டு, மீன். நான் கொண்டுபோன தமிழ்ப் பெயர்கள் பாதிக்கு மேல் செல்லுபடியானது இங்கேதான். கணவாய், பேய்க்கணவாய், திருக்கை, விலாங்கு, அயிலை, சூரை. கறுப்பாக, நீளமாக, பெரிய கண்ணோடு வாளைமீன் ஜாதியில் ஒன்று, ஆழ்கடலில் பிடிப்பது, சுருட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் ஒவ்வொன்றின் செவுளையும் விலக்கிப் பார்க்கக் கை நீட்ட, மீன்காரம்மா முதலில் முறைத்து, பிறகு அவர் பார்க்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, தானே விலக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பு.

இந்த ஊரின் சாப்பாடு ஷோக்கோ ஃபிரிட்டோ, பொரித்த கணவாய். பட்டை பட்டையாக நறுக்கி, பூண்டு, எலுமிச்சை, பிரிஞ்சி இலையில் ஊறப்போட்டு, மாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பல்லுக்கு அடங்கும் மென்மை. கணவாயை ரப்பராக்காமல் பொரிப்பது லேசான வேலையில்லை.

ஆனால் இன்றைய நாள் மட்டிக்கு. அமேஜுவாஸ் ஆ புல்யாவ் பாத்தோ. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் பெயரைத்தான் இந்தக் கறிக்கு வைத்திருக்கிறார்கள். மூடி போட்ட பாத்திரம் வந்தது. மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்துவிட்டது. கொத்தமல்லித் தழை! ஐரோப்பாவின் மற்ற சமையல்களில் அதிகம் காணக் கிடைக்காத தழை இது. போர்த்துகலின் தென்பாதியில் கை நிறைய அள்ளிப் போடுகிறார்கள். ஆலிவ் எண்ணெயில் தட்டிய பூண்டு, அதில் உயிரோடு மட்டி, ஒரு கோப்பை வெள்ளை ஒயின், மூடி. ஓடுகள் திறந்ததும் கொத்தமல்லி, எலுமிச்சை, இறக்கிவிடவேண்டியது. ஓட்டுக்குள் சுண்டுவிரல் நுனி அளவு சதை. அதைவிட முக்கியம் அடியில் நிற்கும் சாறு: கடல் உப்பு, பூண்டு, ஒயினின் புளிப்பு. ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தோய்த்தோம். "ரசம்லே இது" என்றார் அண்ணன். ரசம்தான். புளி இம்முறை கோப்பையை விட்டுச் சட்டிக்கே வந்துவிட்டது.

கடைசியில் ஒரு சின்னக் கிளாஸ் செத்தூபல் மஸ்கத்தெல். நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் திராட்சைச் சாராயம் ஊற்றி நிறுத்திவிட்டு, தோலை எடுக்காமல் மாதக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். அதனால் ஆரஞ்சுத் தோலும் தேனும் கலந்த மணம். பழைய காலத்தில் இதைப் பீப்பாயோடு கப்பலில் ஏற்றுவார்களாம். விற்காமல் பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டித் திரும்பிவந்த பீப்பாய், புறப்பட்டபோது இருந்ததைவிட ருசியாக இருந்திருக்கிறது. அப்புறம் வேண்டுமென்றே அனுப்பினார்கள். போய்வந்தது என்றே அதற்குப் பெயர். எஞ்சின் அறையில் பாதி ஆயுளைக் கழித்த அண்ணனுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

நான்காம் நாள், ஞாயிறு. நசரே

உலகத்திலேயே பெரிய அலையில் சறுக்கும் ஊர் என்று நசரேயை எல்லாரும் அறிவார்கள். 2020 அக்டோபரில் ஒருவர் 26 மீட்டருக்கு மேல் எழுந்த அலையில் சறுக்கியிருக்கிறார். அந்த அலைகள் குளிர்காலத்துக்கு. இன்று கடல் அமைதி.

பேருந்து நிறுத்தத்திலேயே கறுப்பு உடை உடுத்திய பாட்டிகள் 'அறை வாடகைக்கு' என்று நாலு மொழியில் எழுதிய அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் இன்னும் அடுக்கடுக்காக ஏழு பாவாடை கட்டுகிறார்கள். அறையைப் பேசி முடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம்.

அங்கே நான் நின்றுவிட்டேன். மணலில் வரிசையாகச் சாய்த்து நிறுத்திய மரச்சட்டங்கள், அவற்றில் இழுத்துக் கட்டிய வலை, வலை மேல் வயிற்றைக் கீறி விரித்த மீன்கள். பாரைமீன் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மீன்தான் பெரும்பாலும், கரப்பாவ் என்கிறார்கள். மத்தியும் இருந்தது, பேய்க்கணவாயும் இருந்தது. ஒரு பாட்டி வரிசையாகப் போய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஆச்சி திரேஸ்புரம் கரையில் இதே மாதிரிக் குனிந்து, இதே மாதிரி இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, காக்கையை விரட்டிக்கொண்டே திருப்பிப் போடுவாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அண்ணன் ஏதும் சொல்லாமல் பாட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மொழி இல்லை. கையாலேயே பேசினார்கள். குடல் எடுத்து, கழுவி, உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுத்து, இரண்டு மூன்று நாள் வெயில். ஒரு நாள் மட்டும் காய்ந்ததை என்ஜோவாடோ என்கிறார்கள். 'குமட்டல் கண்டது' என்று பொருள். மீனுக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது என்கிற மாதிரி! முழுக்கக் கருவாடாகாமல், பச்சை மீனாகவும் இல்லாமல் நடுவில் நிற்பது. நாலு வாங்கினோம். அறை கொடுத்த பாட்டியே கரியில் சுட்டு, அவித்த உருளைக்கிழங்கோடு ஆலிவ் எண்ணெயும் பச்சைப் பூண்டும் போட்டுத் தந்தார். சதை இறுகி, உப்பு உள்ளே இறங்கி, கடித்தால் இழை இழையாகப் பிரிந்தது. புது மீனுக்கு இந்த ஆழம் வராது. பாட்டி தன் குசினியிலிருந்து லேபில் இல்லாத பாட்டிலில் வெள்ளை ஒயின் ஊற்றினார். பெயர் கேட்டேன். தோள்களைக் குலுக்கிவிட்டு, மலைப்பக்கம் கை காட்டினார்.

ஐந்தாம் நாள், திங்கள். போர்த்தோ

ஞாயிறு படகு போகாது, அதனால் திங்கட்கிழமை புது மீன் அரிது. இது தெரிந்தேதான் இன்றைக்குப் பயணத்தை வைத்தோம். வழியெல்லாம் மழை.

புறப்படுமுன் நசரேயில் மதியம் ஆரோஷ் டி மரிஷ்கோ, கடலுணவுச் சோறு. ஐரோப்பாவில் தலைக்கு அதிக அரிசி தின்பவர்கள் போர்த்துகீசியர்கள்தான். மொண்டேகோ, சாடோ, தேஜோ ஆற்றங்கரைகளில் நெல் விளைகிறது. கரோலினோ என்ற குண்டு அரிசி, சாற்றைக் குடித்துக் குழையும். இறால், நண்டு, மட்டி, தக்காளி, ஓடுகளை அரைத்து வடித்த சாறு. ஸ்பெயினின் பயேயாபோல வறண்டு இருக்காது, கரண்டியால் அள்ளினால் வழியும். சோறு இருக்கிறவரை எங்களுக்கு ஊர் நினைப்பு வராது.

இரவு போர்த்தோவில் பேய்க்கணவாய். உறைய வைத்தால் அதன் சதை மிருதுவாகும், அதனால் திங்களன்றும் தைரியமாகக் கேட்கலாம். அவித்து, பிறகு அடுப்பில் வாட்டி, சூடான ஆலிவ் எண்ணெயும் பூண்டும் குளிப்பாட்டியிருந்தார்கள். கூட வரும் உருளைக்கிழங்குக்குக் குத்துக் கிழங்கு என்று பெயர், முஷ்டியால் ஒரு குத்து குத்தி வெடிக்கவிட்டது.

ஆறாம் நாள், செவ்வாய். மத்தோசின்யோஸ்

போர்த்தோவிலிருந்து மெட்ரோவில் அரை மணி. மீன்பிடித் துறைமுகம். அதையொட்டிய தெருவில் கடைக்குக் கடை வாசலில் கரியடுப்பு, அடுப்புக்கு ஓர் ஆள். மதியம் பன்னிரண்டுக்குத் தெரு முழுக்கப் புகை மூட்டம், சட்டையெல்லாம் மீன் வாசனை.

முதலில் தகர டப்பா மீன். 1920இல் தொடங்கிய பின்யாய்ஷ் என்ற ஆலை இன்னும் பழைய முறையிலேயே மத்தி அடைக்கிறது, உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் நீளமான மேசைகளில். கத்தரிக்கோலால் வாலை டப்பா நீளத்துக்கு வெட்டி, ஒன்றுக்கொன்று தலைமாற்றி அடுக்குகிறார்கள். காரமான வகைக்கு டப்பாவின் அடியில் ஒரு வில்லை காரட், ஒரு வில்லை ஊறுகாய் வெள்ளரி, கிராம்பு, மிளகு, துண்டு பிரிஞ்சி இலை, ஒரு சின்ன மிளகாய். ஒவ்வொரு டப்பாவுக்கும் கையால். மேலே தாள் சுற்றுவதும் கைதான். ஒரு அம்மா சுற்றிய வேகத்தில் எனக்குக் கண் தொடரவில்லை. நம் ஊருக்கு மிளகாயைக் கப்பலில் கொண்டுவந்தவர்கள் இவர்கள், தங்கள் மீனுக்கு மட்டும் ஒற்றை மிளகாய்தான் போடுகிறார்கள்.

மதியம் சாப்பிட்டது ரோபாலு, நம் கொடுவாய்போலத் தோற்றம். தராசில் வைத்துக் காட்டினார்கள். 900 கிராம், இருவருக்குத் தாராளம். முதுகைப் பிளந்து விரித்து, உப்பிட்டு, தோல் பக்கமாகவே பெரும்பாலும் சுட்டார் அடுப்புக்காரர். இருபது நிமிடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீனை ஒரே தடவைதான் திருப்பினார். கை அடுப்புக்கு மேலேயே இருந்தது. கரியை விலக்குவதும் சேர்ப்பதும்தான் வேலை, மீனைத் தொடுவதில்லை. வெளிமுனையில் சதை பொன்னிறம், முள்ளை ஒட்டி ஈரம் காயாத வெள்ளை. மசாலா இல்லாமல் மீன் தின்ன எனக்குப் பயமாக இருந்தது ஒரு காலம். முந்தாநாள் பிடித்த மீனுக்குத்தான் மசாலா துணை வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாது.

இதற்கு ஒயின் அல்வரின்யோ. வடக்கு எல்லையில், ஸ்பெயினைத் தொட்டுக்கொண்டிருக்கும் மொன்சாவ், மெல்காசு ஊர்களில் விளைவது. வின்யோ வெர்டே என்ற பெரிய வட்டாரத்துக்குள் அது வரும். வெர்டே என்றால் பச்சை. நிறம் பச்சை இல்லை, இளசாகக் குடிப்பது என்ற பொருளில் பச்சை. சாதாரண வின்யோ வெர்டே நாக்கில் லேசாகச் சுருசுருக்கும், போதையும் குறைவு, வெயிலுக்கு நல்லது. அல்வரின்யோவுக்குக் கனம் அதிகம். பழத்தின் மணம் முதலில், புளிப்பு பின்னால் வருகிறது. அரிந்தோ புளித்தண்ணீர் என்றால் இது மாங்காய்.

ஏழாம் நாள், புதன். காயா

போர்ட் ஒயினின் ஊர் பெயருக்குத்தான் போர்த்தோ. பீப்பாய்கள் ஆற்றுக்கு எதிர்க்கரையில், காயாவில். 1886இல் கட்டிய இரும்புப் பாலத்தின் மேல்தட்டில் நடந்து கடந்தோம். கிடங்குக்குள் நுழைந்ததும் குளிர்ச்சி, இருட்டு, ஈர மரமும் உலர்ந்த திராட்சையும் கலந்த வாசனை.

கூட்டிப்போன பெண் ஒரு பீப்பாயைத் தட்டி "பீப்பா" என்றார். 550 லிட்டர் அளவுள்ள நீளப் பீப்பாய்க்கு இங்கே அதுதான் பெயர். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நம் பீப்பாய் இங்கிருந்து கப்பலேறி வந்த சொல். மேசையும் கோப்பையும் அப்படியே. ஒரு வாரமாக நாங்கள் இவர்கள் சொற்களின் மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

சாறு இரண்டு மூன்று நாள்தான் நொதிக்கும். பாதி இனிப்பு மிச்சமிருக்கும்போதே 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். நொதித்தல் நின்றுவிடும், இனிப்பு தங்கிவிடும், போதை 20 சதவீதத்தை ஒட்டி வரும். ரூபி என்பது பெரிய தொட்டியில் காற்றுப் படாமல் இருந்தது, சிவப்பும் பழமணமும் மாறாதது. டானி என்பது மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் காற்றுப் பட்டுப் பழுப்பேறியது. 20 வருட டானியை நாக்கில் வைத்தபோது முந்திரியும் அத்திப்பழமும் கருப்பட்டியும் வந்தன. மீனோடு இது சேராது. சாப்பாடு முடிந்தபிறகு ஒரு துண்டு சீஸோடு, மெதுவாக. வெள்ளை போர்ட்டில் டானிக் தண்ணீரும் ஒரு சுளை எலுமிச்சையும் போட்டுச் சாயங்காலம் குடிக்கலாம்.

எட்டாம் நாள், வியாழன். பின்யாவ்

சாவ் பெந்தோ நிலையத்தில் ரயிலேறி இரண்டரை மணி நேரம், பின்பாதி டூரோ ஆற்றை ஒட்டியே. போகும்போது வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள். மலையைப் படிப்படியாக வெட்டிக் கல் சுவர் வைத்துத் திராட்சைக் கொடி நட்டிருக்கிறார்கள். மண்ணே இல்லை, பலகை பலகையாகப் பிளக்கும் பாறை. இந்த மலைக்கு 1756இலேயே எல்லை வகுத்து, பிறகு கருங்கல்லும் நட்டு, இதற்குள் விளைவதுதான் போர்ட் என்று சொல்லிவிட்டார்கள். அறுவடை நேரம். தோளில் கூடையோடு ஆட்கள் சரிவில் இறங்குகிறார்கள், ஊரெங்கும் நொதி வாசனை. ஒரு தோட்டத்தில் கருங்கல் தொட்டிக்குள் தோளோடு தோள் கோத்து முழங்கால் வரை திராட்சையில் நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். ரயில் நேரம் விடவில்லை.

ஒன்பதாம் நாள், வெள்ளி. போர்த்தோ

பெட்டி கட்டியாயிற்று. ஒரு கிலோ பக்கல்யாவ் மூன்று பாலிதீன் உறைக்குள், பன்னிரண்டு டப்பா மத்தி அண்ணனின் சட்டைகளுக்குள், இரண்டு பாட்டில் என் துண்டுக்குள்.

கடைசி இரவுக்குச் சுற்றுலாக்காரர் வராத ஒரு கடை. தங்கியிருந்த வீட்டுக்காரர் சொன்னது. மறுபடி மத்தி கேட்டோம், தொடங்கிய இடத்திலேயே முடிக்கலாம் என்று. ஒயின் என்ன என்று கேட்டதற்குக் கடைக்காரர் "சிவப்பு வெர்டே" என்றார். மீனுக்குச் சிவப்பா என்று தயங்கினோம். அவர் தயங்கவில்லை. கிளாஸ் இல்லை, வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இரண்டு கொண்டுவந்தார். வின்யோ வெர்டே விளையும் மின்யோ பக்கத்து வழக்கம் அது. அந்த நாட்டில் கொடிகளை மரத்திலும் பந்தலிலும் உயரமாக ஏற்றிவிட்டு, கீழே கிழங்கும் கீரையும் போடுவார்களாம், நம் புடலைப் பந்தல்போல. தலைக்கு மேலே நிழலில் பழுக்கும் திராட்சைக்குப் புளிப்பு போவதில்லை.

ஊற்றியபோது நாவல்பழச் சாறுபோல இருந்தது. ஓரத்தில் ஊதா நுரை. கிண்ணத்தைச் சாய்த்தால் வெள்ளைச் சுவரில் சிவப்பு ஏறி, இறங்கும்போது கறை விட்டுப்போகிறது. நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு, அதற்கு மேல் புளிப்பு, அடியில் ஒரு சுருசுருப்பு. தனியாகக் குடித்தால் யாருக்கும் பிடிக்காது. ஒரு வாய் மத்தி தின்றுவிட்டுக் குடித்தோம். கரியும் கொழுப்பும் உப்பும் துவர்ப்பும் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. முதல் நாள் அரிந்தோ கொழுப்பைத் துடைத்தது. இது கொழுப்போடு மல்லுக்கட்டியது.

அண்ணன் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து ஆறு மீனையும் அதன் மேலேயே வைத்துத் தின்றார். பிறகு அதை இரண்டாய் மடித்தார். "அம்மா சாளைக்குப் பழம்புளி போடுவாள்லா, கறுத்துப்போனது. அந்தப் புளி இது" என்றார். கிண்ணம் காலியாக இருந்தது. கடைக்காரர் கேட்காமலே வந்து நிரப்பினார்.